பச்சை ஒயரின் மறுமுனை

போன மாதம் செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக் குளியலறையில் புது வாட்டர் ஹீட்டர் மாட்டினார்கள். மாட்டினோம் என்று எழுதக் கை வரவில்லை, ஏனென்றால் நான் மாட்டவில்லை. காஞ்சிபுரத்தின் பாதித் தெருக்களில் ஹீட்டர் மாட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் கம்பெனி அனுப்புகிற ஆள் மாட்டினால்தான் கேரண்டி செல்லுமாம். சரி என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, குளியலறை வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று என் மனைவி காலையிலேயே உத்தரவு போட்டிருந்தாள்.

வந்தவர் நல்ல வேலைக்காரர்தான். சுவரைத் தட்டிப் பார்த்துத் துளை போட்டார். தொட்டி நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக விழுந்த பிறகுதான் சுவிட்சைப் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது. கடைசியாக சாக்கெட் மூடியைக் கழற்றி, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் பச்சை ஒயர் எர்த் பின்னில் ஏறியிருப்பதை செல்போனில் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார். போனில் ஒரு டிக் விழுந்தது. வேலை முடிந்தது என்றார்.

"அந்த ஒயரோட இன்னொரு முனை எங்க இருக்குதுன்னு பாக்கலியாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"போன்ல அது கேக்கலியே சார்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அது கேட்கவில்லை. அன்று மாலை இதை எங்கள் ஃபிட்டர்களின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். உடனே நாலு பேர், "அண்ணே, அந்தத் தறிக்காரர் வீட்டுச் சமாச்சாரத்தை ஒருதரம் முழுசா எழுதுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சமாச்சாரம் வாய் மாறி வாய் போய், இப்போது ஜரிகையில் ஆவி இறங்கியது என்கிற அளவுக்கு வந்து நிற்கிறதாம். ஆவி எதுவும் இறங்கவில்லை. இறங்கியது கரண்டுதான். ஆனால் அது வந்த வழி ஆவிக்குக்கூடத் தோன்றியிருக்காது.

என் பெயர் கஜேந்திரன். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு, கொஞ்ச காலம் மிக்ஸி ரிப்பேர், பிறகு வாட்டர் ஹீட்டர் விற்கும் ஒரு கடையின் சர்வீஸ் பிரிவு. என் படிப்பையும் பயிற்சியையும் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்தது போதாது. ஏன் கெட்டது என்று தெரியாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வேலையை முடித்துவிட்டுக் கிளம்பாமல் அங்கேயே நின்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர்கள் நான் காபிக்காக நிற்கிறேன் என்று நினைத்துக் காபி கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஹீட்டர் மாட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். காலி ஹீட்டரைத் தூக்கிப் பார்த்து சுவர் தாங்கும் என்று சொல்லிவிடுவார்கள். தண்ணீர் நிரம்பினால் அதன் கனமே வேறு. எங்கள் ஊரில் பல வீடுகள் மண் சாந்தில் கட்டியவை. மேலே பூசிய சிமென்டையும் டைல்ஸையும் நம்பி போல்ட் அடித்தால் ஒருநாள் ஹீட்டரும் டைல்ஸும் சேர்ந்து கீழே வரும்.

அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு உண்டு. ஐயம்பேட்டையில் ஒருவர், அது சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது என்று பிசினைக் குழைத்து அதன் வாயை அடைத்துவிட்டார். நான் போனபோது தொட்டியின் அடிப்பகுதி லேசாக உப்பியிருந்தது. அவரிடம், "சூடாகும்போது கொஞ்சம் சொட்டத்தான் செய்யும் சார், அதுக்குத்தான் அதை வெச்சிருக்காங்க" என்று சொல்லிப் பிசினைச் சுரண்டி எடுத்தேன். வெடித்திருந்தால் அந்தக் குளியலறைக்குக் கதவு இருந்திருக்காது.

சிரிப்பான வீடுகளும் உண்டு. ஹீட்டர் வேலை செய்கிறது, ஆனால் சிவப்பு விளக்கு எரியவில்லை என்று ஒரு அம்மா போன் செய்தார். போய்ப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு ஹீட்டரைத் துடைத்து, சந்தனம் வைத்து, அதன் நடுவில் வட்டமாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். வட்டமான இடமாக இருக்கிறதே என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது அந்த விளக்கைத்தான். என் விரலால் குங்குமத்தைத் துடைத்தேன், விளக்கு எரிந்தது. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்கள் சர்வீஸ் பிரிவுக்கு ஸ்டெல்லா மேடம் மேலாளராக வந்தபோது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. டிப்ளமோ படித்தவர், வாலாஜாபாத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார், என்னைவிடப் பல வயது சின்னவர். ஒரு பெண் வந்து நம் வேலையைச் சரிபார்ப்பதா என்று எங்களில் சிலருக்கு உள்ளுக்குள் புகைச்சல். அது முதல் வாரத்திலேயே அடங்கியது. மேடம் யாரையும் திட்டமாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். "அப்புறம்?" என்று மட்டும் கேட்பார். எர்த் கொடுத்துவிட்டேன் மேடம் என்றால், "அப்புறம்?" ஒயர் சுவருக்குள் போகிறது மேடம். "அப்புறம்?" மெயின் போர்டுக்குப் போயிருக்கும் மேடம்.

"போயிருக்குமா, போயிருக்குதா?"

அதற்கு மேல் எவனும் பேசமாட்டான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவான். ஒரு ஒயருக்கு இரண்டு முனை, இரண்டையும் கண்ணால் பார்க்காமல் இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்பது மேடத்தின் சட்டம்.

அவருக்கு இன்னொரு வழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் வாங்கி, வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவார். தண்ணீரின் உப்பை நாக்கால் கண்டுபிடித்து, "இந்த வீட்ல ஹீட்டர் காயில் ரொம்ப நாள் தாங்காது" என்பார். பெரும்பாலும் அது நடக்கும். கையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். ஒயர் போகும் தடத்தைச் சுவரில் கோடு போட்டுக்கொண்டே போவார். வேலை முடிந்ததும் ஈரத் துணியால் அவரே துடைத்துவிடுவார்.

இனி அந்தத் தறிக்காரர்.

பெயர் ஏகாம்பரம். பட்டு நெசவாளர். முன்கூடத்தில் தறி, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் புதிதாகக் கட்டிய குளியலறை. மகள் கவிதா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து கைக்குழந்தையோடு இருந்தாள். பிறக்கப்போகும் குழந்தையைக் குளிப்பாட்டத்தான், அவள் கர்ப்பமாக இருந்தபோதே ஹீட்டர் வாங்கியிருந்தார்கள். வாங்கியது எங்கேயோ, மாட்டியது யாரோ, சர்வீஸுக்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் சூடாக நேரமாகிறது, உள்ளே ஏதோ பொரிகிற சத்தம் கேட்கிறது என்பதுதான் புகார். ஆழ்துளைக் குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளில் இது சாதாரணம். காயில் மேல் சுண்ணாம்பு மாதிரி உப்பு படிந்துவிடும்.

நான் உள்ளே போகும்போது ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்திருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். அவர் மனைவி சரோஜாம்மா என்னைக் குளியலறைக்குக் கூட்டிப் போனார். பின்னால் நின்றுகொண்டே தறிச் சத்தத்தைக் கேட்க முடிந்தது. பலகை வந்து மோதும், நிற்கும், மறுபடி மோதும். நெசவாளர் வீடுகளில் வேலை செய்து பழகியவனுக்கு அது காதில் விழாது. கடிகாரச் சத்தம் மாதிரி ஆகிவிடும்.

பொரிகிற சத்தத்தைக் கேட்கலாம் என்று ஹீட்டர் சுவிட்சைப் போட்டேன். தறி நின்றது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு இழுப்பது கேட்டது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தறி மறுபடி ஓடியது. இன்னொரு தடவை கேட்கலாம் என்று சுவிட்சைப் போட்டேன். தறி நின்றது.

என் வியாதி அங்கேயே தொடங்கிவிட்டது. அணைத்தேன். தறி ஓடும்வரை காத்திருந்தேன். ஓடியது. வேண்டுமென்றே ஒருதரம் போட்டுப் பார்த்தேன். நின்றது. உடனே பிளக்கையே பிடுங்கிவிட்டு முன்கூடத்துக்கு ஓடினேன். ஏகாம்பரம் வலது கையை உதறிக்கொண்டிருந்தார்.

முதலில் அவரைத் தறியை விட்டு எழுந்து வெளியே வரச் சொன்னேன். பிறகுதான் கையில் என்ன என்று கேட்டேன்.

"வலின்னு சொல்ல முடியாதுபா. எறும்பு ஊர்றாப்புல இருக்கும். திடீர்னு வெடுக்குனு இழுக்கும். காலைல ஜாஸ்தி. வெயில் ஏறினா சரியாப் பூடும்."

மீதியைச் சரோஜாம்மா சமையலறைக்குள் வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். ஹீட்டர் வந்து சில மாதங்களுக்குப் பிறகு தொடங்கியிருக்கிறது. ஆனால் ஹீட்டரோடு அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நரம்பு டாக்டரிடம் போனார்கள். அவர் கையைத் தட்டியும் நீட்டியும் பார்த்துவிட்டுக் கையில் ஒன்றும் இல்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளியோ வேறு மாதிரி பேசினாராம். விலை குறைந்த பிளாஸ்டிக் ஜரிகைச் சேலை நெய்யும்போது கை நன்றாகத்தான் இருக்கிறது. அசல் ஜரிகைச் சேலை என்றால் மட்டும் கை நடுங்குகிறது. இது என்ன நோய் என்று நாலு பேர் எதிரில் கேட்டிருக்கிறார். கை நடுங்குகிறவன் குடிக்கிறவன் என்று தெருவில் பேச்சு. ஏகாம்பரம் குடிக்கிறவர் இல்லை. ஆனாலும் ஒருநாள் அவர் தூங்கும்போது சரோஜாம்மாவே பக்கத்தில் போய் மோந்து பார்த்திருக்கிறார். அவர் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்ததாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழுதுவிட்டார்.

தறியில் இருப்பது ஒரு கல்யாணச் சேலை. அதை முடித்துவிட்டுத் தறியைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். எங்கேயாவது கடையில் உட்காரலாம் என்று ஏகாம்பரம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

எனக்குச் சந்தேகம் ஹீட்டர் மேல்தான். எல்லோரையும் ஒதுங்கி நிற்கச் சொல்லி, பிளக்கை மாட்டி, ஹீட்டர் உடம்பில் டெஸ்டரை வைத்தேன். மங்கலாக எரிந்தது. உள்ளே காயில் வெடித்துத் தண்ணீரில் கரண்டு கசிகிறது என்று அர்த்தம். இப்படி இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் எர்த் இருக்காது. இங்கே இருந்தது. பச்சை ஒயர் சாக்கெட்டில் இறுக்கமாக, அழகாக முறுக்கி மாட்டப்பட்டிருந்தது. எர்த் இருந்தும் ஏன் கரண்டு? குளியலறைக் கரண்டு கூடத்தில் இருக்கும் தறிக்கு எப்படிப் போகிறது? போனாலும், அசல் ஜரிகைக்கும் பிளாஸ்டிக் ஜரிகைக்கும் அது எப்படி வித்தியாசம் பார்க்கிறது? மூன்று கேள்வி, ஒன்றுக்கும் பதில் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேடத்துக்குப் போன் செய்தேன்.

மேடம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். குழாய்த் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினார். முகம் சுளித்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"எர்த் இருக்குதுன்னு சொன்னீங்க. அப்புறம்?"

சரோஜாம்மாவைக் கேட்டோம். தன் வீட்டுக்காரர்தான் போட்டார், பின்னாடி எங்கேயாவது இருக்கும் என்றார். பின்கட்டில் தேடினோம், இல்லை. மேடம் சாக்பீஸை எடுத்தார். பச்சை ஒயர் சுவரில் ஏறி, சமையலறைக் கதவு நிலைக்கு மேலே போய், கூடத்துக்குள் இறங்கி, ஒரு காலண்டருக்குப் பின்னால் மறைந்து, தரையோரமாக வந்து தறியின் காலுக்குப் பக்கத்தில் நின்றது. சாக்பீஸ் கோடும் அங்கே நின்றது. அதற்கப்புறம் ஒயர் குழிக்குள் இறங்கியிருந்தது.

தறிக்குழி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். வெறுங்கால்தான். ஏகாம்பரம் வீட்டில் குழியின் அடி மண் தரை. பட்டு இழை காய்ந்து அறுந்துவிடாமல் இருக்க அதில் தண்ணீர் தெளிப்பது அவர்கள் வழக்கம்.

வெளியே போயிருந்த ஏகாம்பரம் அப்போதுதான் திரும்பி வந்தார். மேடம் குழியைக் கைகாட்டியதும் முகம் மலர்ந்தது. அவரே இறங்கி, மிதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு இரும்புக் குழாய், அதன் தலையில் போல்ட் போட்டு முறுக்கிய பச்சை ஒயர். வேலை சுத்தமாக இருந்தது.

எர்த் இல்லாமல் ஹீட்டர் மாட்டமாட்டேன் என்று அன்றைக்கு வந்த ஃபிட்டர் சொல்லியிருக்கிறார். எலக்ட்ரீஷியனைக் கேட்டால், எப்போதும் ஈரமாக இருக்கிற மண்ணாகப் பார்த்து அடிக்க வேண்டும் என்றாராம். தெரு முழுக்க சிமென்ட். பின்கட்டும் சிமென்ட். ஏகாம்பரம் யோசித்துப் பார்த்தார்.

"எங்க வூட்ல வருஷம் பூரா ஈரமா இருக்கிற மண்ணு இது ஒண்ணுதாம்மா. உப்பு போட்டு, கரி போட்டு நானே அடிச்சேன். சரியாத்தானே இருக்குது?"

அவர் யோசித்த விதத்தில் ஒரு தப்பும் இல்லை. எர்த்துக்கு ஈர மண் வேண்டும், இருக்கிற ஈர மண் குழியில். இந்த ஊர் நெசவாளரைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது, ஏனென்றால் வேறு யார் வீட்டுக் கூடத்திலும் ஈரக் குழி இல்லை.

மேடம் கீழே உட்கார்ந்துகொண்டார். குழியிலிருந்து எழுந்து வந்து ஏகாம்பரமும் எதிரே உட்கார்ந்தார். கால் வழியாகக் கரண்டு வருகிறது, அது புரிந்துவிட்டது. ஆனால் உடம்புக்குள் வந்த கரண்டு வெளியே போகவும் ஒரு வழி வேண்டுமே, கை எதைத் தொடும்போது இழுக்கிறது என்று கேட்டார். ஜரிகைக் கரையைத் தொடும்போது என்றார் ஏகாம்பரம். சேலையின் நடுவில் பட்டு இழையைத் தொட்டால் ஒன்றும் இல்லை. மேடம் அவரிடம் அசல் ஜரிகையில் ஒரு துண்டும் பிளாஸ்டிக் ஜரிகையில் ஒரு துண்டும் வாங்கினார். கரண்டு பாய வழி இருந்தால் கத்தும் கைமீட்டரின் இரண்டு முனைகளையும் பிளாஸ்டிக் ஜரிகையில் வைத்தார். சத்தம் இல்லை. அசல் ஜரிகையில் வைத்தார். மீட்டர் கீ என்று கத்தியது.

பட்டு நூல் மேல் வெள்ளியைத் தகடாக்கிச் சுற்றியதுதானே ஜரிகை. அது கம்பிதான். இத்தனை வருஷம் இந்த ஊரில் ஒயரோடு குடித்தனம் செய்த எனக்கு அது தோன்றவே இல்லை.

ஏகாம்பரம் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அசல் எது, போலி எதுன்னு இது சொல்லிடுதா?" என்றார். அதற்குள் வாசலில் கூடியிருந்த அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் வீட்டுக்கு ஓடித் தங்கள் ஜரிகை ரீலை எடுத்து வந்தார்கள். ஒருவருடையது கத்தியது. இன்னொருவருடையது கத்தவில்லை. அவர் ரீலை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். மேடம் உடனே மீட்டரை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது நம் வேலை இல்லை என்றார்.

ஜரிகையிலிருந்து கரண்டு எங்கே போகிறது என்பது மட்டும் மிச்சம். கரை இழைகள் தறியின் பின்பக்கம் ஒரு இரும்புக் கம்பி மேல் ஏறிப் போயின. கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. மண் சுவர் உதிர்ந்து கம்பி ஆடியதால், வெளியே இருந்த பழைய அடிபம்புக் குழாயோடு அதைக் கட்டிவிட்டதாக ஏகாம்பரம் சொன்னார். அந்தக் குழாய் தண்ணீர் இருக்கிற ஆழம் வரை பூமிக்குள் இறங்கியது. அதைவிட நல்ல எர்த் அந்தத் தெருவிலேயே இருக்காது.

இப்போது கணக்கு முழுசாக வந்தது. ஹீட்டரில் கசிந்த கரண்டு பச்சை ஒயர் வழியாகக் குழிக்கு வந்திருக்கிறது. ஃபியூஸைப் போக்குகிற அளவுக்கு அந்த எர்த் பலமாக இல்லை, அதனால் கரண்டு நிற்காமல் வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஈர மண்ணிலிருந்து அவர் காலுக்கு, காலிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து ஜரிகைக்கு, அங்கிருந்து கம்பிக்கும் பம்புக் குழாய்க்கும். குழந்தைக்காகக் காலையில் ஹீட்டர் வெகுநேரம் ஓடும். அதனால் காலையில் அதிகம். நிச்சயப்படுத்திக்கொள்ள மேடம் என்னை ஹீட்டரைப் போடச் சொல்லி, குழி மண்ணுக்கும் ஜரிகைக்கும் நடுவே மீட்டரை வைத்தார். அளவை வாயால் சொல்லவில்லை. மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் ஓடிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். எறும்பு ஊருகிறது என்று ஏகாம்பரம் சொன்னது, அவரை ஒரேயடியாகப் படுக்க வைக்கக்கூடியது. அவர் தண்ணீரை இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தெளித்திருந்தால் போதும்.

ஏகாம்பரம் குழியைப் பார்த்தார்.

"அப்போ எனுக்கு நானே வெச்சிக்கினேனா?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாதக்கணக்கில் ஊர் பேசியதையெல்லாம் தாங்கிய மனிதர், இதைத் தாங்கமாட்டார் போலிருந்தது. உள்ளறையில் குழந்தை சிணுங்கியது. கவிதா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"நீங்க எர்த்தே போடாம இருந்தா, அந்தக் கரண்டு முழுக்க ஹீட்டர்லயும் குழாய்லயும்தான் நின்னிருக்கும் ஐயா" என்றார் மேடம். "உங்க பொண்ணு ஈரக் கையோட அந்தக் குழாயைத்தான் தினமும் திறந்துச்சு. இடம்தான் தப்பு. போட்டது தப்பு இல்ல."

ஏகாம்பரம் மகளைப் பார்த்தார். பேரக்குழந்தையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ பரவால்ல. எனுக்கு வந்ததே பரவால்ல" என்றார்.

அடுத்த நாள் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஃபிட்டர்களுக்குப் பயன்படும். முதலில் குழியிலிருந்து குழாயைப் பிடுங்கினோம். பின்கட்டில் யாரும் நடக்காத மூலையில் சிமென்டை உடைத்து, ஆழமாகத் தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதிதாக எர்த் குழாய் இறக்கினோம். அதன் வாயில் தண்ணீர் ஊற்ற ஒரு புனல் வைத்து மூடி போட்டோம். பச்சை ஒயரைக் கூடத்துக்குள் கொண்டுவராமல் வெளிச்சுவர் வழியாகவே இழுத்தோம். ஹீட்டர் காயிலை மாற்றினோம். பழையதை எடுத்தபோது அதன் மேல் உப்பு தடித்து, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு இருந்தது. மெயின் போர்டில், கரண்டு கொஞ்சம் வழி தவறினாலும் தானாக விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்சைப் போட்டோம். மாதத்துக்கு ஒருதரம் அதிலிருக்கும் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்கச் சரோஜாம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தோம். தறியின் இரும்புக் கம்பியை எடுத்துவிட்டு ஏகாம்பரம் மூங்கில் போட்டுக்கொண்டார். கடைசியாக மேடம் புது எர்த்தை அளந்தார், குழி மண்ணுக்கும் ஜரிகைக்கும் நடுவே மறுபடி அளந்தார். ஒன்றும் இல்லை.

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் தறியில் போய் உட்கார்ந்தார். காலைக் குழிக்குள் விட்டார். கையை ஜரிகைக் கரைக்குக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றுவிட்டது. மறுபடி கொண்டுபோனார். மறுபடி நின்றது.

"புரியுதும்மா. ஆனா கை போவ மாட்டேங்குது" என்றார்.

இதற்கு எங்கள் பையில் கருவி இல்லை. நான் மீட்டரைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். மேடம் என்னை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். எதையும் டெஸ்டர் வைக்காமல் தொடாதவர் அவர். நெசவாளர்கள் தறியை வணங்கிவிட்டுத்தான் உட்காருவார்கள், வேறு ஆள் அதில் உட்கார விடமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"நான் ஒருதரம் உக்காரலாமா ஐயா?" என்று கேட்டார்.

ஏகாம்பரம் தயங்கியது ஒரு கணம்தான். எழுந்து நகர்ந்து, தன் துண்டால் உட்காரும் பலகையைத் துடைத்தார். "உக்காரும்மா" என்றார்.

மேடம் தறியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து வெறுங்காலைக் குழி மண்ணில் ஊன்றினார். முதலில் புறங்கையால் ஜரிகையைத் தொட்டார். பிறகு உள்ளங்கையை அதன் மேல் முழுவதுமாக வைத்தார். வைத்த கையை எடுக்காமல் சரோஜாம்மாவிடம் குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் பேர் சொன்னார். எந்த நட்சத்திரம், யார் ஜாடை என்று பேச்சு போனது. கை ஜரிகை மேலேயே இருந்தது. ஏகாம்பரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "எழுந்திரும்மா, நான் உக்கார்றேன்" என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளியலறைக்குப் போய் நின்றுகொண்டேன். முன்னால் தறி ஓடத் தொடங்கியது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு பழைய கதிக்கு வந்தது. ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன். தறி ஓடியது. போட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பலகை மோதியது, மறுபடி மோதியது. நிற்கவில்லை. நம்ப முடியாமல் அணைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டேன்.

"யாருபா அது, சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைச்சிக்கினு? கெட்டுடப் போவுது" என்று முன்கூடத்திலிருந்து ஏகாம்பரம் குரல் கொடுத்தார். தறி அப்போதும் நிற்கவில்லை.